சம்மதம் – 9: கடலூரிலிருந்து வந்த மறுப்பு

சென்ற வாரம் கல்கத்தாவில் நிறுத்தியிருந்தோம். சிறுமி பூல்மணி, கணவனின் வன்முறையால் 1890-ல் இறந்தாள். மனைவிக்குப் பத்து வயது நிரம்பிவிட்டால் கணவன் செய்வது பாலியல் வன்கொடுமை ஆகாது என்றது 1860-ன் தண்டனைச் சட்டம். அந்தக் குற்றச்சாட்டிலிருந்து அவன் தப்பினான். மறு வருடம் அந்த வயது பன்னிரண்டானது.

இந்த வாரம் நம் பக்கம் வருவோம்.

கடலூர் மாவட்டத்தில் ஒரு பெண். அவர் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. 2008-ல், பதினெட்டு நிரம்பாத வயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். கர்ப்பமானார், குழந்தை பிறந்தது.

கருக்கலைப்புச் சட்டம் 1971-லேயே வந்துவிட்டதே என்று கேட்பீர்கள். வந்தது. ஆனால் அன்றைய வரம்பு இருபது வாரம். மைனர் பெண் என்றால் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். ஒரு சிறுமி, யாரிடம் வாய் திறப்பது என்று தெரியாமல் பயந்து கிடந்தால் இருபது வாரம் எந்த மூலைக்கு?

வழக்கு நடந்தது. கடலூர் மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஏழு ஆண்டு சிறையும் இரண்டு லட்ச ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் மேல்முறையீடு செய்தார். 2015 ஜூன் 18 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. தேவதாஸ் பிறப்பித்த உத்தரவு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது. குற்றவாளிக்கு இடைக்கால ஜாமீன். இரு தரப்பும் சமரச மையத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். இப்படிப் பேசி இன்னொரு வழக்கு திருமணத்தை நோக்கிப் போவதையும் நீதிபதி எடுத்துக்காட்டினார்.

“ஆனது ஆச்சு, கட்டி வச்சுடுங்க. பொண்ணு வாழ்க்கை என்னாவறது?” ஊர்ப் பஞ்சாயத்துகளில் கேட்டுப் புளித்துப்போன அந்தப் பேச்சு, உயர் நீதிமன்ற முத்திரையோடு வந்தது.

சரி, கட்டி வைத்தால் என்ன ஆகும்? அதே ஆள், அதே வன்முறை. தாலி ஏறிய பிறகு சட்டம் அவளிடம் சம்மதம் கேட்காது. 1860-ல் எழுதிய விலக்கு 2015-லும் உயிரோடு இருந்தது. பத்து வயது என்ற கணக்கு பன்னிரண்டு, பதிமூன்று என நகர்ந்து 1949-ல் பதினைந்தானது, அவ்வளவுதான். சமரச மேஜையில் அவர் ஒரு முறை தலையாட்டியிருந்தால், அதுவே வாழ்நாள் முழுமைக்குமான சம்மதமாகிவிடும். இதைக் கருணை என்று நினைத்தவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். என் பார்வையில் அது அவருக்கு விதிக்கப்படவிருந்த இரண்டாவது தண்டனை.

அவர் தலையாட்டவில்லை. குற்றவாளியோடு பேசத் தயாரில்லை என்று செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டார். பெற்றோர் இல்லை, கையில் குழந்தை, எதிரே உயர் நீதிமன்ற உத்தரவு. அந்த நிலையில் வந்த மறுப்பு அது.

ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேச வழக்கு ஒன்றில், பாலியல் வன்கொடுமைக் குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. பத்தே நாளில், ஜூலை 11 அன்று, நீதிபதி தேவதாஸ் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றார். ஜாமீனும் ரத்தானது.

ஆனால் அந்த விலக்கு? 2017 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மனைவியின் வயதைப் பதினெட்டாக உயர்த்தியது. பதினெட்டைத் தாண்டிய மனைவிக்கு ஒன்றும் மாறவில்லை. 2022 மே 11 அன்று டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒரே அமர்வின் இரு நீதிபதிகள் எதிரெதிராகத் தீர்ப்பு எழுதினார்கள். விலக்கு செல்லாது என்றார் ராஜீவ் ஷக்தேர், செல்லும் என்றார் ஹரி சங்கர். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதை அப்படியே வைத்துக்கொண்டது.

இதற்கிடையே 2022-ல், கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு 25 வயதுப் பெண் ஒருவர் டெல்லியில் நீதிமன்றப் படி ஏறினார். அவர் மணமாகாதவர். ஆனால் செப்டம்பர் 29 அன்று அவர் வழக்கில் வந்த தீர்ப்பு, கணவனின் வன்முறையால் கருவுற்ற மனைவிகளுக்கும் ஒரு கதவைத் திறந்தது. மணமாகாத பெண்ணின் வழக்குக்குள் மனைவிகள் எப்படி வந்தார்கள்? திறந்த கதவு ஏன் பாதியிலேயே நின்றது?

அடுத்த வாரம்.

(தொடரும்)