களவும் காவலும்: கோறளைப்பற்று வடகரை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

வீடுடைத்துப் பொருள் களவாடப்பட்ட குடியானவன் முதலில் நாடுவது, தன் முறைப்பாட்டைக் கேட்டு, அப்பொருளைத் தேடிப் புறப்படும் ஒருவரையே. அவ்வொருவர் ஊருக்குள் இருந்தாரா, வெளியே இருந்தாரா என்பதைக் கொண்டு இலங்கையின் கிராமக் காவல் வரலாற்றை இரு காலங்களாகப் பகுக்கலாம். வாழைச்சேனைக்கும் வாகரைக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த மாங்கேணியின் வரலாறும் இதனுள் அடங்கும்.

பிரித்தானியர் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினால் பொலிஸ் படையை ஒழுங்கமைத்தனர். 1866இல் காம்பெல் அதன் தலைமையை ஏற்றார். எனினும் சம்பளம் பெறும் பொலிசார் பெரும்பாலும் நகரங்களுக்கே உரியவராயினர். கிராமக் காவல் தலைமைக்காரர் கையில் விடப்பட்டது. மட்டக்களப்பில் பற்றுக்கு வன்னியனார், அவருக்குக் கீழ் உடையார், ஊருக்குப் பொலிஸ் விதானை என இவ்வமைப்பு நிலவிற்று.

விதானையார் ஊரவரை முகமறிந்து பழகியவர். எவர் வீட்டில் புதுப்பாத்திரம் புழங்குகிறது, வயலில்லாத எவர் நெல் விற்கிறார் என்பன அவர் செவிக்கு எட்டாமற் போகா. துப்புத் துலக்குதற்கு இவ்வறிவே முதல். ஆயின், இம்முறை மாசற்றதன்று. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகக் கடமையாற்றிய லெனாட் வூல்வ் 1913இல் வெளியிட்ட நாவலில், தலைமைக்காரனே தன் வீட்டிற் களவு நிகழ்ந்ததாகப் பொய்வழக்குச் சோடித்து ஏழையொருவனைச் சிறைக்கு அனுப்புகின்றான். அண்மை அறிவைத் தந்தது. அதுவே அடக்குமுறைக்கும் இடந்தந்தது.

1963இல் தலைமைக்காரர் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம சேவையாளர் நியமிக்கப்பட்டனர். துப்புத் துலக்கும் பொறுப்பு பொலிஸ் நிலையத்தைச் சார்ந்தது. தூரத்தோடு மொழியும் தடையாயிற்று. 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவு, வாய்மொழி முறைப்பாடு சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதப்படல் வேண்டும் என விதித்தது. இயலாவிடத்து மொழிபெயர்ப்பை அனுமதித்தது. தமிழறிந்த பொலிசார் அருகிய நிலையங்களில் விதிவிலக்கே விதியாயிற்று. எல்லா நிலையங்களிலும் தமிழறிந்தவர் எந்நேரமும் கடமையில் இருத்தல் வேண்டும் என்பதை 2011இலும் நல்லிணக்க ஆணைக்குழு பரிந்துரைக்க வேண்டியிருந்தமை நோக்கற்பாலது.

போர் இக்குறையை முற்றுவித்தது. 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் வாகரைப் பிரதேச மக்கள் ஊரைவிட்டு வெளியேறினர். திரும்பியோர் பலர் விட்டுச்சென்ற உடைமைகளைக் காணவில்லை. அயலவரும் ஊரில் இல்லாத நாளில் நிகழ்ந்த களவுக்குச் சாட்சி யார்? முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்குத்தான் என்ன உண்டு?

பழைய விதானை முறையை மீட்பது இதற்குத் தீர்வாகாது. ஊரை அறிந்த கண்ணும், ஊரவர் மொழியை அறிந்த செவியும், சட்டத்துக்குப் பதில்சொல்லும் கடப்பாடும் ஒரே அதிகாரியிடத்து ஒருங்கே அமையும் நாளிலேயே, முறைப்பாடு வெறும் பதிவாக அன்றித் தேடலின் தொடக்கமாக அமையும்.