தகர வில்லையிலிருந்து ஓடிபி வரை

 

நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை கேட்பேன், அதனால் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

போன மாதம் தோட்டத்துத் தாய் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி யாரோ அவருக்கு அழைத்திருக்கிறான். போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டிருக்கிறான். இவரும் சொல்லிவிட்டார். சீட்டுக்குக் கட்ட வைத்திருந்த காசு முழுவதும் போய்விட்டது. "ஏம்மா சொன்னீங்க?" என்று கேட்டேன். "என் பேரு, தோட்டம், டிவிசன், பொறந்த நாள் வரைக்கும் சரியா சொன்னான் சேர். அதான் நம்பிட்டேன்" என்றார்.

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மண்சரிவு நேரம் உலர் உணவுப் பொதி கொடுப்பதற்காகப் பெற்றோர் பட்டியல் ஒன்றைத் தயாரித்தவன் நான். பெயர், முகவரி, போன் இலக்கம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் இருந்தன. அவசரத்தில் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கிருந்து எத்தனை குழுவுக்குப் போனதோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். அந்தப் பட்டியலிலிருந்துதான் திருடன் எடுத்தான் என்று என்னால் நிரூபிக்க ஏலாது. இல்லை என்று சொல்லவும் ஏலாது.

பிறந்த நாள் பட்டியலில் இல்லையே என்று கேட்பீர்கள். இருந்தது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 ஐக் கூட்டிவிடுவார்கள். 85532 என்று தொடங்கினால் 1985 பெப்ரவரி முதலாம் திகதி பிறந்த பெண். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுக்கலாம். 2016 இலிருந்து வரும் 12 இலக்க எண்ணிலும் இதே கணக்குத்தான், ஆண்டு மட்டும் நான்கு இலக்கமாகிவிட்டது. பழைய எண்ணின் கடைசியில் ஓர் எழுத்தும் உண்டு. வாக்காளர் என்றால் வீ, இல்லையென்றால் எக்ஸ் என்பதுதான் பொதுவான விளக்கம். ஒருவருக்கு வாக்குரிமை உண்டா இல்லையா என்பதைக்கூட அட்டையைப் பார்க்கும் எவனும் தெரிந்துகொள்ளலாம். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தை மறக்காத நம் பகுதியில் அந்த எழுத்து எப்படி வாசிக்கப்பட்டிருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆளை அடையாளம் காணும் முறை யாருக்காகச் செய்யப்படுகிறது, அந்தத் தகவல் யார் கையில் தங்குகிறது என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். வரலாறு படிப்பிக்கிறவன் என்பதால் யோசனை பின்னோக்கித்தான் போகிறது.

ஹொப்டனிலும் அடாவத்தையிலும் மடூல்சீமையிலும் இன்று இருக்கும் குடும்பங்களின் முன்னோர் பலர் கங்காணிமார் ஆள் சேர்த்த காலத்தில் வந்தவர்கள். பதுளைக்கு ரெயில் வந்ததே 1924 இல்தான். அதற்கு முன் வந்தவர்கள் கடைசித் தூரத்தை நடந்தே கடந்தார்கள். வழியில் ஆட்கள் தப்பிப் போவதும், இன்னொரு தோட்டத்துக் கங்காணி ஆசை காட்டி இழுத்துக்கொண்டு போவதும் துரைமாருக்குப் பெரிய தலையிடி. முன்பணம் கொடுத்த ஆள் வந்து சேரவில்லை என்றால் நட்டம்தானே. அதனால் 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறையைக் கொண்டுவந்தார்கள். மாவட்டத்துக்கும் தோட்டத்துக்கும் உரிய குறிகள் பொறித்த ஒரு தகர வில்லை. பயணத்தில் ஆளோடு அது இருக்க வேண்டும். அதைக் காட்டினால் ரெயிலில் ஏற்றுவார்கள், சாப்பாடு கிடைக்கும், செலவு தோட்டத்தின் கணக்கில் விழும். ஆள் வழிதவறாமல் வந்து சேர்ந்ததும் உண்மை. ஆனால் அந்த வில்லையை அடித்தது, ஆள் யாருக்குச் சொந்தம் என்று தெரிந்துகொள்வதற்காக.

வந்து சேர்ந்த பிறகு இன்னொரு காகிதம் இருந்தது. அதற்குப் பெயரே 'துண்டு'. இந்தக் கங்காணிக்கும் அவருடைய ஆட்களுக்கும் இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் விடுவிக்கிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுப்பது. வேறு தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். உழைக்கிறவன் வாசிக்கத் தெரியாத ஒரு துண்டுக் காகிதத்தில் அவனுடைய விலை எழுதியிருந்தது. 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் அந்த முறையை ஒழித்தது.

இங்கே என் வாப்பாவையும் சொல்லிவிடுகிறேன். பசாரில் சின்னக் கடை வைத்திருந்தார். தோட்டத்து ஆட்களுக்குக் கொப்பியில்தான் கடன். அந்தக் கொப்பி காசு லாச்சிக்குக் கீழே இருக்கும். எங்களைக்கூடத் தொட விடமாட்டார். "அதில இருக்கிறது காசுக் கணக்கு இல்ல மகன், ஆக்கள்ட மானம்" என்பார். பட்டியலைக் குழுவில் போட்ட அன்று எனக்கு அந்தக் கொப்பி நினைவு வரவில்லை.

சரி, இணையத்துக்கு வருவோம்.

கேட்காத செய்தியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களுக்குத் தள்ளிவிடுவதற்கு 'ஸ்பாம்' என்று பெயர். முதல் ஆள் யார் என்றால், பொதுவாக 1978 மே 3 ஆம் திகதியைச் சொல்வார்கள். கெரி துர்க் என்ற கணினி விற்பனைக்காரர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். ஏச்சு விழுந்தது, வியாபாரமும் நடந்ததாம். 1994 ஏப்ரலில் அமெரிக்க வழக்கறிஞர் தம்பதி ஒன்று, கிரீன் கார்ட் குலுக்கலுக்கு விண்ணப்பித்துத் தருகிறோம் என்று ஆயிரக்கணக்கான உரையாடல் குழுக்களில் விளம்பரம் போட்டது. 'கனடா விசா உடனே' என்று நம் போனுக்கு வருகிறதே, அதற்கு மூத்த அண்ணன் அது.

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஸ்பாம் என்பது 1937 இல் சந்தைக்கு வந்த ஒரு தகரப் பேணி இறைச்சி. பன்றி இறைச்சி! 1970 இல் ஒரு ஆங்கில நகைச்சுவை நாடகத்தில், உணவகத்தில் எதைக் கேட்டாலும் அதே இறைச்சி வரும், பக்கத்தில் இருப்பவர்கள் அதன் பெயரையே சத்தமாகப் பாடி மற்றவர் பேச்சை அமுக்கிவிடுவார்கள். அதை வைத்துக் கணினிக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். எனவே ஸ்பாம் நமக்கு இரண்டு வகையிலும் ஆகாது.

இதைத் தடுக்க வந்த வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2000 ஆம் ஆண்டு வாக்கில் வந்தது. யாகூ இலவச மின்னஞ்சல் கொடுத்தபோது, கணினி நிரல்களை ஓடவிட்டு ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளைத் திறந்து ஸ்பாம் அனுப்பினார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மனுவல் புளூமும், குவாத்தமாலாவில் பிறந்த அவருடைய மாணவர் லூயிஸ் வொன் ஆனும், இன்னும் சிலரும் சேர்ந்து வழி கண்டார்கள். எழுத்துகளை நெளித்து, கோடு கீறிக் காட்டு. மனிதன் வாசிப்பான், அன்றைய கணினியால் முடியாது. 'கெப்ச்சா' என்று பெயர் வைத்தார்கள். (சவூதி போய் வந்தவர்கள் கப்ஸா சோற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இதில் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். அந்தக் கதவு கேட்ட கேள்வி 'நீ மனிதனா?' என்பது மட்டும்தான். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. யார் என்று தெரியாமலே உள்ளே விட்டது.

குறை இல்லாமல் இல்லை. கண் தெரியாதவருக்குக் கஷ்டம். ஆங்கில எழுத்துப் பழக்கமில்லாதவருக்கும் கஷ்டம். பிறகு படங்கள் வந்தன. வீதியோரத்தில் நிற்கும் அமெரிக்கத் தீயணைப்புத் தண்ணீர்க் குழாய் எந்தப் படங்களில் இருக்கிறது என்று லுணுகலைப் பிள்ளையிடம் கேட்டால் அது என்ன செய்யும்? 2007 இல் வொன் ஆன் இன்னொன்றைச் சேர்த்தார். இரண்டு சொற்களைக் காட்டுவது. ஒன்று விடை தெரிந்தது, மற்றது பழைய பத்திரிகையிலிருந்து கணினி வாசிக்கத் தெரியாமல் விட்டது. நாம் தட்டத் தட்ட நியூயோர்க் டைம்ஸின் பழைய இதழ்கள் எழுத்துருவுக்கு மாறின. 2009 இல் கூகுள் அதை வாங்கியது. நல்ல வேலைதான். ஆனால் தோட்டத்துப் பாஷையில் சொன்னால், அரைப்பேர்கூட விழாத வேலை.

திருப்பம் 2014 இல். கணினிகளும் நெளிந்த எழுத்தை வாசிக்கப் பழகிவிட்டதால், 'நான் ரோபோ அல்ல' என்ற சின்னப் பெட்டி வந்தது. ஒரு தட்டுத்தான். சுலபம் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நம்மைப் பரிசோதிப்பது அந்தத் தட்டு மட்டும் என்று நினைக்காதீர்கள். சுட்டி எப்படி அசைந்தது, இதே கணினி முன்பு எங்கெல்லாம் போய் வந்தது என்ற தடயங்களையும் சேர்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். 2018 இல் அந்தப் பெட்டியும் தேவையில்லை என்றாகிவிட்டது. பின்னால் இருந்து நம் நடமாட்டத்தைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். 'நீ மனிதனா?' என்று தொடங்கிய கேள்வி 'நீ யார், எங்கே போய் வருகிறாய்?' என்று மாறிவிட்டது. இன்று பெரும்பாலான இடங்களில் போன் இலக்கம் கேட்கிறார்கள், ஓடிபி அனுப்புகிறார்கள். போன் இலக்கத்துக்குப் பின்னால் சிம், சிம்முக்குப் பின்னால் அடையாள அட்டை.

கள்ளனைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் நடந்ததை நம் சமூகம் மறக்காது. யார் என்றே தெரியாதவர்கள் போட்ட வெறுப்புப் பதிவுகள் கண்டபடி ஓடின. அரசாங்கம் சமூக வலைத்தளங்களைச் சில நாட்கள் பூட்டியது. பேஸ்புக் நிறுவனம் 2020 இல்தான் வருத்தம் தெரிவித்தது. அந்த நாட்களில் 'எழுதுகிறவன் ஒவ்வொருவனிடமும் அடையாள அட்டை கேட்க வேண்டும்' என்று நானும்தான் கத்தினேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். பொய்ப் பெயரில் எழுதியவனை அது தடுக்குமோ தெரியாது, சொந்தப் பெயரில் முறைப்பாடு எழுத நினைக்கும் தோட்டத்துத் தாயை நிச்சயம் தடுக்கும்.

அதே ஆண்டு வட்ஸ்அப் செய்த காரியம் எனக்குப் பாடமாக இருந்தது. இந்தியாவில் பிள்ளை பிடிகாரர் என்ற வதந்தி பரவி அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018 ஜூலையில் அங்கே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று கட்டுப்படுத்தினார்கள். 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும். 2020 ஏப்ரலில், கொரோனா நேரம், பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரு உரையாடலுக்கு மட்டும் அனுப்பலாம் என்றார்கள். இரட்டை அம்புக்குறி வருமே, அது அந்த அடையாளம்தான். செய்தியை வாசிக்காமல், அனுப்புகிறவர் யார் என்று கேட்காமல், வேகத்தை மட்டும் குறைத்தார்கள். ஆள் யார் என்று தெரிந்தால்தான் பாதுகாப்பு என்பது எப்போதும் உண்மையில்லை.

நம் நாட்டிலும் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. 2022 இல் பெற்றோல் வரிசை. பதுக்குகிறவர்களைத் தடுக்க அந்த ஜூலையில் கியூஆர் அட்டை வந்தது. அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், செசி இலக்கம் கொடுத்துப் பதிந்தோம். வரிசை குறைந்தது, அதை மறைக்கக் கூடாது. 2023 செப்டெம்பரில் முறை நிறுத்தப்பட்டது. நான் கேட்பது வேறு. கியூஆர் படத்தை எத்தனை பேர் கூட்டாளிக்கு அனுப்பினோம்? எத்தனை தொடர்பாடல் நிலையத்தில் அச்சடித்தோம்? அந்தக் கணினிகளில் அது இன்னும் இருக்கிறதா?

சட்டம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒரு நோக்கத்துக்காக வாங்கிய தகவலை அந்த நோக்கத்துக்கு மட்டும் பாவிக்க வேண்டும், தேவைக்கு மேல் கேட்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. ஆனால் முழுமையாக நடைமுறைக்கு வருவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. 2024 இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ உடனே அமுலுக்கு வந்தது. எதை எழுதலாம், எழுதக்கூடாது என்று பார்க்க ஆணைக்குழு அமைக்கும் சட்டம் அது. எதற்கு அவசரம், எதற்கு ஆறுதல் என்று நீங்களே பாருங்கள்.

இனி நான் பட்டியல் எடுத்தால் பெயரும் பொதி எண்ணிக்கையும் மட்டும்தான். கொப்பியில் எழுதி என் மேசை லாச்சியில் வைப்பேன். அடையாள அட்டையை வாங்குகிற இடத்தில் கண்ணால் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் போதும், படம் எடுக்கத் தேவையில்லை. பள்ளிவாசல், கோயில், விளையாட்டுக் கழக நிர்வாகிகளிடமும் இதையே கேட்டிருக்கிறேன். இருவர் சரி என்றார்கள், ஒருவர் "சேருக்கு வேற வேல இல்லையா" என்றார்.

நான் கேட்பதாகச் சொன்ன வேலை இதுதான். அந்த நிவாரணப் பட்டியலை என் போனிலிருந்தும் குழுவிலிருந்தும் அழித்துவிட்டேன். உங்கள் போனில் இருப்பதை என்னால் அழிக்க ஏலாது. கெலரியில் தேடிப் பாருங்கள், நீலப் பேனையால் எழுதியது, மேலே பாடசாலைப் பெயர் இருக்கும். இருந்தால் அழித்துவிட்டு, யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். அந்தத் தாயிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பட்டியலில் இன்னும் 61 பெயர்கள் இருக்கின்றன. அவர்களில் யாருக்காவது இப்படி அழைப்பு வந்திருந்தால், கீழே கருத்தில் எழுத வேண்டாம், பாடசாலைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள்.