சோழவரம் ரன்வேயும் காற்றோட கணக்கும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போறவங்களுக்கு சோழவரம் நல்லாத் தெரியும். செங்குன்றம் தாண்டினதும் வர்ற ஊர். ஏரி இருக்கிற ஊர். உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டா, "கார் ரேஸ் நடக்குமே, அதுவா?"ன்னு கேட்பாங்க. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் திறக்கிற வரைக்கும் மெட்ராஸ் கார் பந்தயம்னா சோழவரம்தான். ஆனா அந்தத் தடம் காருக்காகப் போட்டது இல்லை. இரண்டாம் உலகப் போர் சமயத்துல விமானங்களுக்காகப் போட்ட ரன்வே அது.

ஒரு ரன்வே போடும்போது முதல்ல பார்க்கிற விஷயங்கள்ல ஒண்ணு, அந்த ஊர்ல காற்று எந்தத் திசையிலிருந்து வீசுதுங்கிறது. ஏன்னா விமானம் காற்றை எதிர்த்துதான் இறங்கணும்.

செஸ்னா 172-ன்னு நாலு பேர் உட்கார்ற ஒரு சின்ன விமானம் இருக்கு. எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கூட. மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர் வேகத்துல இறங்க வரும். அந்த 120-ங்கிறது தரையில் ஓடுற வேகம் இல்லை, இறக்கை மேல காற்று ஓடுற வேகம். இப்போ எதிர்க்காற்று 40 கிலோமீட்டர்ல அடிச்சிட்டிருந்து, சட்டுன்னு 20-க்கு இறங்குதுன்னு வைங்க. இறக்கைக்குக் கிடைக்கிற 120, ஒரே நொடியில் 100 ஆயிடும். தரைக்குப் பத்தடி உயரத்துல அது நடந்தா விமானம் தொப்புன்னு விழும். அதனாலதான் விட்டு விட்டு வீசுற காற்றுல பைலட்டுகள் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தோட இறங்குவாங்க. இன்னொரு ஆபத்து, பக்கவாட்டுக் காற்று. அது ஒரு பக்க இறக்கையைத் தூக்கிவிட்டு, விமானத்தையே ரன்வேயை விட்டுத் தள்ளிடும்.

இந்தப் பாடத்தை மனுஷங்க உயிரைக் கொடுத்துதான் கத்துக்கிட்டாங்க. 1910 மார்ச்ல, மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தின ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ், சிம்ப்சன் கம்பெனியில் செய்யவெச்ச விமானத்துல மெட்ராஸ் தீவுத்திடலில் பறந்து காட்டினார். அதே வருஷம் ஜூலை 12-ம் தேதி இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் ஒரு போட்டி. மைதானத்துல குறிச்ச இடத்துக்கு எவ்வளவு பக்கத்துல இறங்குறீங்கங்கிறதுதான் பந்தயம். காற்று பலமா, நிலையில்லாம வீசிட்டிருந்தது. சார்லஸ் ரோல்ஸ் தன்னோட ரைட் விமானத்துல குறியை நோக்கிச் சரிவா இறங்கினார். வால் பகுதி முறிஞ்சு விமானம் கூட்டத்துக்கு முன்னாடியே விழுந்தது. அவருக்கு வயசு 32. ஆமாம், ரோல்ஸ்-ராய்ஸ்ல இருக்கிற அதே ரோல்ஸ்தான். இயந்திர விமான விபத்துல இறந்த முதல் பிரிட்டிஷ்காரர். காற்று மட்டுமே காரணம்னு சொல்லிட முடியாது. வால் பலமா இருந்திருந்தா அவர் தப்பிச்சிருக்கலாம். ஆனா "அந்த இடத்துலதான் இறங்கணும்"ங்கிற கட்டாயமும் அவர்கூட அந்த விமானத்துல இருந்தது.

அந்தக் காலத்து விமானத்தளம் பெரும்பாலும் ஒரு பெரிய புல்வெளிதான். நடுவுல காற்றுத் திசை காட்டுற துணிக்குழாய் ஆடிட்டிருக்கும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் திரும்பி இறங்கிக்கலாம். விமானங்கள் கனமானதும் புல் தாங்கல, கான்கிரீட் வந்தது. கான்கிரீட் வந்ததும் திசையும் முடிவாயிடுச்சு. அதுக்கு ஈடா, போர்க்காலத்துல பிரிட்டிஷார் பல தளங்கள்ல மூணு ரன்வேக்களை முக்கோணமா போட்டாங்க. நம்ம மீனம்பாக்கத்துலயும் ரெண்டு ரன்வே ஒண்ணை ஒண்ணு வெட்டிப் போகும்.

அதுவும் போதாத நாள் வரும். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். மும்பையிலிருந்து வந்த ஒரு இண்டிகோ விமானம் சென்னை ரன்வேயைத் தொடுற நேரத்துல ஆடிச்சு. பைலட் மறுபடி மேல ஏத்திட்டார். இதுக்குப் பேர் கோ-அரவுண்ட். வீடியோ நாடு முழுக்கப் பரவிச்சு. "ஐயோ, தப்பிச்சாங்க"ன்னு பலர் பதறினாங்க. ஆனா அது பைலட்டுகள் பயிற்சியில் திரும்பத் திரும்பப் பழகுற ஒரு வேலை. அன்னைக்கு அந்த விமானத்துல இருந்தவங்க பத்திரமா வீடு போனதுக்கு அந்த முடிவுதான் காரணம்.

சின்ன விமானத்துக்கு இந்த முடிவு இன்னும் முக்கியம். அறுபது டன் விமானம் சமாளிக்கிற காற்று, ஒரு டன் விமானத்தைப் புரட்டிடும். அதை ஓட்டுறவர் பல நேரம் தனி ஆள். "நேரமாச்சு, இறக்கிடு"ன்னு அவரோட மனசே அவரை அவசரப்படுத்தும்.

அடுத்த தடவை நீங்க போற விமானம் தரைகிட்ட வந்துட்டு திரும்ப மேல ஏறினா, எரிச்சல்படாதீங்க. வீட்டுக்குப் போக இருபது நிமிஷம் லேட் ஆகும், அவ்வளவுதான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.