குட்டி உடம்பு... வேட்டை நாய் குணம்! ஜாக் ரஸ்ஸல் டெரியர் வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க!

2012-ம் ஆண்டு ஆஸ்கர் மேடையில் சிறந்த படம் உட்பட 5 விருதுகளை அள்ளிய படம் 'தி ஆர்ட்டிஸ்ட்'. அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஹீரோவை மறந்தாலும், அவர் கூடவே ஓடிவரும் குட்டி நாயை மறக்க முடியாது. அந்த நாயின் பெயர் அகி. ஜாக் ரஸ்ஸல் டெரியர் இனம். கேன் பட விழாவின்போது நாய்களுக்கென்றே தரப்படும் 'பாம் டாக்' விருதையும் அது வாங்கியது.

ஆனால், அகியின் பழைய கதை பலருக்குத் தெரியாது. அதை முதலில் வளர்த்த 2 உரிமையாளர்களுமே, "இதை நம்மால சமாளிக்க முடியாது" என்று கைவிட்டவர்கள்தான். காப்பகத்துக்குப் போகவிருந்த நேரத்தில், ஒரு பயிற்சியாளர் அதை எடுத்து வளர்த்தார். அமெரிக்காவில் பிரபலமான 'ஃப்ரேசியர்' டிவி தொடரில் நடித்த மூஸ் என்ற ஜாக் ரஸ்ஸலும் இப்படித்தான். முதலில் வளர்த்த குடும்பத்துக்கு அடங்காமல், பயிற்சியாளர் கைக்கு வந்து சேர்ந்த நாய் அது.

'சின்ன நாய்தானே, ஃப்ளாட்ல ஈஸியா வளர்த்திடலாம்' என்று நினைத்து டெரியர் குட்டியை வாங்கும் குடும்பங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உடம்புதான் சின்னது. வேலை வாங்குவதில் பெரிய நாய்க்குக் கொஞ்சமும் சளைத்தது இல்லை. என்ன காரணம்? எப்படிச் சமாளிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

'டெரியர்' என்றால் என்ன?

லத்தீன் மொழியில் 'டெரா' என்றால் நிலம், மண். மண்ணுக்குள் இருக்கும் வளையில் புகுந்து, உள்ளே பதுங்கியிருக்கும் நரி, எலி போன்றவற்றை விரட்டுவதற்காக உருவாக்கப்பட்ட நாய்களுக்குத்தான் டெரியர் என்று பெயர்.

ஜாக் ரஸ்ஸல் இனத்துக்குப் பெயர் தந்தவர் ஜான் ரஸ்ஸல் (1795–1883). இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர், நரி வேட்டைப் பிரியர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்த காலத்தில், 1819-ல் ஒரு பால்காரரிடமிருந்து வெள்ளை நிறப் பெண் நாய் ஒன்றை வாங்கினார். அதன் பெயர் டிரம்ப். ஆமாம், பெயரே அதுதான்! அந்த நாயிலிருந்துதான் இந்த வம்சம் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது.

இன்றைய தர அளவுப்படி ஜாக் ரஸ்ஸலின் உயரம் 25 முதல் 30 செ.மீ. அதாவது, பள்ளிக்கூட ஸ்கேல் அளவுதான். எடை சுமார் 5 முதல் 6 கிலோ. நரி வளைக்குள் நுழைய இந்த அளவு தேவைப்பட்டது. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காகச் சிறிதாக்கப்பட்ட நாய் அல்ல இது.

குறை இல்லை... அதுதான் அதன் வேலை!

நரி வேட்டையில் இந்த நாயின் வேலை என்ன தெரியுமா? வளைக்குள் போக வேண்டும். இருட்டில் நரியை நேருக்கு நேர் பார்த்தாலும் பயப்படக் கூடாது. மேலே இருக்கும் ஆட்களுக்கு இடம் தெரியும்படி விடாமல் குரைக்க வேண்டும். வழி அடைத்தால் தோண்ட வேண்டும். உள்ளே உத்தரவு போட எஜமானர் இருக்க மாட்டார். அதனால், சொந்தமாக முடிவெடுக்க வேண்டும்.

இப்போது வீட்டில் வரும் புகார்களைப் பாருங்கள். 'ஓயாம குரைக்குது', 'பூந்தொட்டி மண்ணையெல்லாம் கிளறிப் போடுது', 'கூப்பிட்டா வர மாட்டேங்குது', 'தன்னைவிடப் பெரிய நாய்கிட்ட போய் முறைக்குது'. ஒவ்வொன்றும் அந்தக் காலத்தில் அதற்கு இருந்த தகுதி. எந்தக் குணத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்களோ, அதே குணம்தான் இன்று ஃப்ளாட்டில் தொல்லையாகத் தெரிகிறது. அடித்து இதை மாற்ற முடியாது. வேறு வழியில் திருப்பிவிட முடியும்.

பிட்புல்லும் டெரியர்தானே... அப்போ ஆபத்தா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. மனிதர்களுக்கு ஆபத்தானவை என 23 நாய் இனங்களைக் குறிப்பிட்டு, 2024 மார்ச்சில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் அனுப்பியது. அதில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் போன்றவை இருந்தன. ஜாக் ரஸ்ஸல் அந்தப் பட்டியலில் இல்லை. அந்தக் கடிதத்தை கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது.

பெயரில் 'டெரியர்' இருந்தாலும் பிட்புல் வகை நாய்களின் உடலமைப்பும் பின்னணியும் வேறு. அதற்காக, சின்ன டெரியர் கடிக்கவே கடிக்காது என்றும் நினைத்துவிடக் கூடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

வளர்ந்த ஜாக் ரஸ்ஸலுக்கு தினமும் குறைந்தது ஒரு மணி நேரமாவது நடை, ஓட்டம், விளையாட்டு தேவை. பால்கனியில் விட்டுக் கதவைச் சாத்துவது இதில் சேராது.

கால் களைத்தால் மட்டும் போதாது, மூளையும் களைக்க வேண்டும். அதற்கு விலை உயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. பழைய துண்டில் உலர் உணவைச் சுருட்டிக் கொடுத்து, மோப்பம் பிடித்து எடுக்க விடலாம். வீட்டின் மூலைகளில் தீனியை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லலாம். தோட்டம், மாடி இருந்தால், ஒரு பழைய டப்பில் மணல் நிரப்பி 'இங்கே மட்டும் தோண்டு' என்று பழக்கலாம். தோண்டும் ஆசையும் தீரும், தொட்டிச் செடியும் தப்பும்.

வெளியே போகும்போது கயிறு கட்டாயம். ஓர் அணிலையோ பூனையையோ பார்த்துவிட்டால், அந்த நொடியில் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது. ரோட்டில் வண்டி வருவதும் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால்?

குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்பது, இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளது. அதைக் காட்டி வாதம் பண்ணலாம். ஆனால், இரவில் தூக்கம் கெடும் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு அந்த வாதம் பதில் ஆகாது.

தனியாக விடப்பட்ட டெரியர்தான் அதிகம் குரைக்கும். காலையில் நன்றாக நடக்க வைத்து, பிறகு சாப்பாடு கொடுத்தால், பெரும்பாலும் தூங்கிவிடும். குட்டியாக இருக்கும்போதே 5 நிமிடம், 10 நிமிடம் எனத் தனியாக இருக்கப் பழக்க வேண்டும். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக் குரைத்தால், கீழ்ப் பாதியைத் திரை போட்டு மறைத்தாலே சத்தம் குறையும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குச் சரிப்படுமா?

ஓடியாடும் வயதுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டுத் தோழன் கிடைப்பது கஷ்டம். ஆனால், வாலை இழுப்பது, சாப்பிடும்போது தட்டில் கை வைப்பது, தூங்கும்போது கட்டிப்பிடிப்பது... இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும் நாய் இல்லை இது. சின்னக் குழந்தையையும் நாயையும் தனியாக விட்டுவிட்டு நகரவே கூடாது.

கடித்துவிட்டால், 'நம்ம வீட்டு நாய்தானே' என்று அலட்சியம் வேண்டாம். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சள் தடவுவது, கட்டு போட்டு இறுக்குவது எல்லாம் கூடாது.

எலி, பாம்பு, வெயில்: கவனம் தேவை

வீட்டில் எலி வந்தால் டெரியர் விடாது. 'நல்லதுதானே' என்று தோன்றலாம். ஆனால், விஷம் தின்ற எலியைக் கடித்துத் தின்றால் நாய்க்கும் ஆபத்து. அதனால் எலி மருந்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும். எலிச் சிறுநீர் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயைத் தாக்கும், நாயிடமிருந்து மனிதர்களுக்கும் வரலாம். இதற்கான தடுப்பூசி பற்றி கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுவது நல்லது.

கிராமங்களிலும் புறநகர்ப் பகுதிகளிலும் இன்னொரு ஆபத்து, பாம்பு. பயம் என்பதே தெரியாத நாய் என்பதால், பாம்பைப் பார்த்தாலும் பின்வாங்காது. புதர் மண்டிய இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது.

குளிர் நாட்டில் உருவான இனம் இது. நாய்கள் பெரும்பாலும் மூச்சு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கும். கோடையில் காலை 7 மணிக்கு முன்பும், சூரியன் மறைந்து தரை ஆறிய பிறகும்தான் நடைப்பயிற்சி. புறங்கையைத் தார் ரோட்டில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால், அதன் பாதத்தாலும் முடியாது.

தீபாவளி நேரத்தில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடி, காணாமல் போகும் நாய்களும் உண்டு. கழுத்துப் பட்டையில் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும்.

சாம்பார் சாதம் போடலாமா?

வேண்டாம். சாம்பாரில் இருக்கும் வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சாக்லேட்டும் ஆகாது. பெரிய நாய்க்குச் சின்னதாகத் தெரியும் அளவுகூட 6 கிலோ நாய்க்கு அதிகம். வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்தும். வெறும் தயிர் சாதம், பால் சாதம் மட்டும் போட்டு வளர்த்தால் தேவையான புரதம் கிடைக்காது.

எந்த நோய்கள் வரலாம்?

ஆயுளைப் பொறுத்தவரை இது கெட்டி. பிரிட்டனில் இறந்த 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் தகவலை வைத்து, 2022-ல் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி ஓர் ஆய்வு வெளியிட்டது. அதில் ஒப்பிடப்பட்ட இனங்களில் ஜாக் ரஸ்ஸலுக்குத்தான் அதிக ஆயுள் எதிர்பார்ப்பு, சுமார் 12.7 ஆண்டுகள். பிரெஞ்ச் புல்டாக்குக்கு வெறும் 4.5 ஆண்டுகள்தான்.

முழங்கால் சில்லு விலகுவது, பல் ஈறு நோய், சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமை ஆகியவை இந்த இனத்தில் காணப்படும் பிரச்னைகள். நடக்கும்போது திடீரென ஒரு பின்னங்காலைத் தூக்கி, நொண்டி நொண்டிக் குதித்தால் முழங்காலைப் பரிசோதிக்க வேண்டும்.

கண்ணின் லென்ஸ் இடம் நழுவும் பரம்பரை நோயும் உண்டு. கண் திடீரெனச் சிவந்து, மங்கலாகி, திறக்கவே கஷ்டப்பட்டால் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விடாதீர்கள். ஒரு நாள் தாமதத்தில்கூட பார்வை போய்விடலாம்.

வாங்கும் முன் சட்டம் என்ன சொல்கிறது?

2017-ம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளின்படி, குட்டிகளை விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாய் நாயைக் காட்ட மறுக்கும் இடத்தில் வாங்காமல் திரும்பிவிடுவது நல்லது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பவர்கள் உரிமம் பெற வேண்டும், அதற்கு ரேபிஸ் தடுப்பூசி சான்று தேவை.

முக்கியமாக, வளர்க்க முடியவில்லை என்று நாயைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி தெருவில் விட்டுவிட்டுப் போவது, 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அப்போ, யாருக்குச் சரிப்படும்?

தினமும் நடக்கும் பழக்கம் உள்ளவர்கள், வீட்டில் யாராவது ஒருவர் பெரும்பாலும் இருப்பவர்கள், பயிற்சி கொடுக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இந்த நாய் நன்றாக ஒத்துவரும். காலையில் போய் இரவு திரும்பும் தம்பதி, முட்டி வலியோடு இருக்கும் பெரியவர்கள், முயல், வெள்ளெலி, கிளி வளர்ப்பவர்கள் தவிர்ப்பது நல்லது. பிள்ளை பிறந்தநாளுக்குக் கேட்கிறது என்பதற்காக மட்டும் வாங்கவே கூடாது. இன்று 3-ம் வகுப்பு படிக்கும் பிள்ளை காலேஜ் முடிக்கும்போதும் அந்த நாய் உங்கள் வீட்டில் இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னப் பரிசோதனை. ஒரு மாதம், தினமும் காலை அரை மணி நேரம், மாலை அரை மணி நேரம், நாயே இல்லாமல் நடந்து பாருங்கள். மழை வந்தாலும், ஆபீஸ் டென்ஷன் இருந்தாலும் விடாமல் முடிந்ததா? அப்படியென்றால், தாராளமாக வாங்கலாம்.

2 வீடுகளில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அகிதான், உலகமே கைதட்டிய நாய் ஆனது. அதே நாய், அதே துறுதுறுப்பு. அதற்குத் தினமும் செய்ய ஒரு வேலையும், கூடவே இருக்க ஓர் ஆளும் கிடைத்தார்கள், அவ்வளவுதான்.