அம்பர்: குடலில் பிறந்த சொத்து

தூத்துக்குடியிலோ இராமநாதபுரத்திலோ கடத்தல்காரர் பிடிபட்டால் ‘திமிங்கல உமிழ்நீர் பறிமுதல்’ என்று செய்தி வருகிறது. ‘திமிங்கல வாந்தி’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே தவறு. அந்தப் பொருளுக்கு அம்பர் என்ற நல்ல சொல் நம்மிடம் நெடுநாளாக இருக்கிறது. மருத்துவ வழக்கில் மீனம்பர் என்பார்கள்.

சொல் அரபியிலிருந்து வந்தது. எழுத்தில் ‘ன்’ இருந்தாலும் அடுத்து ‘ப’ வருவதால் உச்சரிப்பில் அது ‘ம்’ ஆகிவிடும்; அந்த ஒலிதான் தமிழிலும் நிற்கிறது. அரபியில் பொருளுக்கும் அதைத் தரும் பெருமீனுக்கும் ஒரே பெயர். ஐரோப்பாவில் பால்டிக் கரையில் ஒதுங்கும் மரப்பிசினுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரித்துக் காட்ட, பிரெஞ்சுக்காரர்கள் திமிங்கில அம்பரைச் ‘சாம்பல் அம்பர்’ என்றார்கள்; அதுவே ஆம்பர்கிரிஸ். சீனர்களோ ‘டிராகன் எச்சில்’ என்றார்கள். எச்சில் என்ற எண்ணம் நம் நாளிதழ்களுக்கு முன்பே அங்கே இருந்திருக்கிறது.

உண்மையில் நடப்பது வேறு. இதை உண்டாக்குவது ஸ்பெர்ம் திமிங்கிலம். உடல் நீளத்தில் மூன்றிலொரு பங்கு தலை. ஒரே மூச்சில் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போய் முக்கால் மணி நேரம் இருந்துவிட்டு வரும். அதற்கு வேண்டிய பிராணவாயுவில் பெரும்பங்கை நுரையீரலில் அல்ல, இரத்தத்திலும் தசையிலும் சேமிக்கிறது. வெளிச்சமே இல்லாத அந்த ஆழத்தில் ‘டிக் டிக்’ என்று ஒலியெழுப்பி, எதிரொலியைக் கேட்டே கணவாயைப் பிடிக்கிறது. ஆழ்கடல் கரையை ஒட்டி வரும் திருகோணமலையில் கரைக்கு அருகிலேயே இதைப் பார்க்கலாம். ஆழமில்லாத பாக் நீரிணை இதற்கு இரை தேடும் இடமல்ல.

கணவாயின் வாயில் கிளி மூக்குப் போன்ற கடினமான அலகு உண்டு. அது செரிக்காது. இரைப்பையில் சேரும் அலகுகளைத் திமிங்கிலம் அவ்வப்போது வாந்தியெடுத்துவிடும். தப்பிக் குடலுக்குள் போகும் சில அலகுகளைச் சுற்றி மலம் அடுக்கடுக்காக இறுகுகிறது. அதுதான் அம்பர். அதாவது, வாந்தியாக வெளியேறாததுதான் அம்பராகிறது! நூறில் ஒன்றுக்குத்தான் இப்படி ஆகும் என்கிறார்கள். 1953இல் அண்டார்க்டிகா கடலில் வேட்டையாடப்பட்ட ஓர் ஆண் திமிங்கிலத்தின் குடலில் 421 கிலோ கட்டி இருந்தது.

புதிதாக வெளிவந்த அம்பர் கறுப்பு. சாண நாற்றம் அடிக்கும். வெயிலும் உப்பும் காற்றும் பட்டு ஆண்டுக்கணக்கில் மிதந்த பிறகே சாம்பல் நிறமும் மணமும் வரும். 1820இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெல்லெத்தியேவும் கவாந்தூவும் இதிலிருந்து அம்பரீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதற்கு வாசனை இல்லை. அது சிதையும்போது உண்டாகும் பொருள்களே மணக்கின்றன. அவற்றுள் ஒன்றை இன்று க்ளாரி சேஜ் என்ற செடியிலிருந்து தயாரித்து, அம்ப்ராக்சன் என்ற பெயரில் வாசனைத் திரவியங்களில் சேர்க்கிறார்கள். திமிங்கிலத்தின் அம்பரை விற்பது இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.