சித்திரக் கலைஞருக்கு ஒரு பதக்கம்

நூலுக்குப் பரிசு என்றால் அதனை இயற்றியவருக்குப் பரிசு என்றே நாம் பொருள் கொள்கிறோம். புலவர்கள் பொற்கிழி பெற்ற கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு அவ்வாறு தோன்றுவது இயல்பே. ஆனால், நான்கு வயதுக் குழந்தையின் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்து அதற்கு வெறும் கறுப்புக் கோடு. படமே அதனோடு பேசுகிறது. அக்குழந்தையைப் பொறுத்தவரை படத்தை எழுதியவரே நூலாசிரியர். 'எழுதியவர்' என்று நான் சொல்வதும் பிழையன்று. ஓவியம் வரைவதையும் 'எழுதுதல்' என்றே சொன்னார்கள் நம் முன்னோர். எழுத்துக்கும் சித்திரத்துக்கும் ஒரே வினைச்சொல் போதும் என்று அவர்கள் கருதினார்கள் போலும்!

படம் எழுதுபவருக்கென்றே ஆண்டுதோறும் அளிக்கப்பெறும் பரிசு ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. கால்டிகாட் பதக்கம் என்பது அதன் பெயர். அதன் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

பிரெடெரிக் மெல்ச்சர் என்பவர் அந்நாட்டின் புத்தக வணிகத்துறை இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்தவர். ஆண்டின் சிறந்த சிறுவர் நூலுக்கு ஒரு பதக்கம் வழங்க வேண்டும் என்று அவர் அமெரிக்க நூலகச் சங்கத்தாருக்குச் சொன்ன யோசனை 1922-ல் நிறைவேறியது. 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் சிறுவர் நூல்களை வெளியிட்டு விற்ற ஜான் நியூபெரியின் பெயரால் அது நியூபெரி பதக்கம் எனப்பட்டது. எழுத்துக்குரிய பரிசு அது. அதில் ஒரு குறை இருந்தது. 1930-ல் அப்பதக்கத்தைப் பெற்ற நூல், ஹிட்டி என்னும் மரப்பொம்மை தன் நூறாண்டு வாழ்க்கையைத் தானே கூறுவதாக அமைந்தது. அந்தப் பொம்மையை நியூயார்க் நகரின் பழம்பொருள் கடையொன்றில் கண்டெடுத்தவர்கள் இருவர்: கதை எழுதிய ரேச்சல் ஃபீல்டு, படம் வரைந்த டாரதி லாத்ராப். பொம்மை இருவருக்கும் பொதுவாயிற்று. பதக்கம் ஒருவருக்கே ஆயிற்று.

சிறு குழந்தைகளின் படநூல்களை வரைவோர்க்கும் அதற்கு ஈடான சிறப்பு வேண்டும் என்ற எண்ணம் நூலகத்தாரிடையே வளர்ந்தது. 1937-ல் மெல்ச்சரே இரண்டாவது பதக்கத்துக்கும் வழிகோலினார். 1938-ல் அதனை முதன்முதலாகப் பெற்றவர் யார்? அதே டாரதி லாத்ராப்! விவிலியத்தில் வரும் விலங்குகளைப் பற்றிய நூல் அது. அந்நூலுக்குரிய பகுதிகளைத் தேர்ந்தெடுத்துத் தொகுத்தவர் ஹெலன் டீன் ஃபிஷ் என்ற மற்றோர் அம்மையார். இம்முறை பதக்கம் இல்லாமல் நின்றவர் அவரே. கதாசிரியர் வேறாக இருந்தால் அவருக்குப் பதக்கத்தில் பங்கில்லை என்பதே இன்றளவும் விதி. இது கடுமையான விதி என்று சிலர் சொல்லக்கூடும். எழுத்தாளருக்கு வேறு பரிசுகள் பல உண்டு என்பதனால் எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

அமெரிக்கக் குடிமக்களும் அந்நாட்டில் வசிப்போருமே பெறக்கூடிய இப்பதக்கம் ஓர் ஆங்கிலேயரின் பெயரைத் தாங்கி நிற்பது வியப்பன்றோ? ராண்டால்ஃப் கால்டிகாட் 1846-ல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் பிறந்தவர். இளமையிலேயே உடல்நலம் குன்றியவர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வங்கியில் எழுத்தராக அமர்ந்தார். மான்செஸ்டர் நகருக்கு மாற்றலாகி வந்தபின், பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு மாலையில் ஓவியப் பள்ளிக்குச் சென்றார். 1872-ல் வங்கி வேலையை உதறிவிட்டு லண்டன் சேர்ந்தார். மரக்கட்டைகளில் படத்தைச் செதுக்கி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டையாக ஒன்றன்மேல் ஒன்று பதித்து அச்சிடுவதில் வல்லவரான எட்மண்ட் எவன்ஸ் அவருக்குத் துணையானார். 1878-ல் இருவரும் சேர்ந்து இரண்டு படநூல்களை வெளியிட்டார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஷில்லிங் விலை. ஆண்டுக்கு இரண்டாக 1885 வரை 16 நூல்கள் வந்தன. அவ்வாண்டில் உடல்நலத்தை நாடி மனைவியோடு அமெரிக்காவுக்குப் பயணமானார். 1886 பிப்ரவரியில் ஃபுளோரிடாவிலேயே உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது 39. இவ்வாறு அவருடைய கல்லறை அமெரிக்க மண்ணில் அமைந்தது.

அவர் செய்த புதுமை யாது? அவருக்கு முன்னும் படநூல்கள் இருந்தன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் எழுத்து சொன்னதையே படமும் திருப்பிச் சொல்லும். கால்டிகாட்டின் படமோ எழுத்து சொல்லாததையும் சொல்லும். ஆங்கிலக் குழந்தைகள் அறிந்த பழைய பாட்டு ஒன்று, தட்டும் கரண்டியும் சேர்ந்து ஓடிப்போவதோடு முடிகிறது. கால்டிகாட் அங்கே நிறுத்தவில்லை. பாட்டில் சொல் தீர்ந்த பிறகும் ஒரு படம் வருகிறது. தட்டு உடைந்து சில்லுகளாகக் கிடக்கிறது. கரண்டியைக் கத்தியும் முள்கரண்டியும் கோபங்கொண்ட தாய் தந்தையரைப்போல் இருபுறமும் நின்று அழைத்துச் செல்கின்றன! ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் ஒரு துன்பக் கதையே நடந்து முடிந்துவிட்டது. 1964-ல் இப்பதக்கத்தைப் பெற்ற மோரிஸ் செண்டாக், இக்காலப் படநூல் கால்டிகாட்டிடமிருந்தே பிறந்தது என்று கருதியவர். பதக்கத்தின் முகப்பிலும் கால்டிகாட்டின் படமே இருக்கிறது. அடங்காத குதிரைமேல் ஜான் கில்பின் என்னும் துணி வணிகர் தறிகெட்டுப் பறக்கிறார், வாத்துகள் அலறுகின்றன, நாய்கள் துரத்துகின்றன. பரிசு பெற்றவர்களை இதைக் காட்டிலும் நன்றாக எச்சரிக்க முடியாது.

இத்துறையில் கலைஞர்கள் படும் பாட்டுக்கு ஒரு சான்று சொல்கிறேன். பாஸ்டன் நகரத் தெருவில் தாய் வாத்து ஒன்று எட்டுக் குஞ்சுகளோடு நடந்து செல்ல, காவலர் வண்டிகளை நிறுத்தி வழிவிடும் கதையை ராபர்ட் மெக்லாஸ்கி 1941-ல் வெளியிட்டார். வாத்துகளைச் சரியாக வரைய வேண்டும் என்று அவற்றை விலைக்கு வாங்கித் தம் நியூயார்க் குடியிருப்பிலேயே வளர்த்தார். குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, கையில் தாளோடு அவற்றின் பின்னால் தரையில் தவழ்ந்து திரிந்தார். ஓட்டம் தணியாத வாத்துகளுக்குச் சிறிது சிவப்புத் திராட்சை மதுவைக் கொடுத்தாராம்! 1942-ல் பதக்கம் அவரை அடைந்தது. 1987-ல் அந்த வாத்துக் குடும்பம் பாஸ்டன் பூங்காவில் வெண்கலச் சிலைகளாக எழுந்தது.

இனி, இவ்வரலாற்றில் கசப்பான பகுதிக்கு வருவோம். படம் எழுத்து சொல்லாததையும் சொல்லும் என்றேன். உலகில் யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதையும் படம் குழந்தைக்குச் சொல்லிவிடுகிறது. இரண்டாவது பதக்கம், 1939-ல், பீகிங்கில் வாழ்ந்த தாமஸ் ஹான்ட்ஃபோர்த் வரைந்த மெய் லீ என்னும் சீனச் சிறுமியின் கதைக்குக் கிடைத்தது. கடல் கடந்த குழந்தைக்கு இவ்வளவு விரைவில் இடம் கிடைத்தது. அமெரிக்காவிலேயே பிறந்து, அடுத்த தெருவில் விளையாடும் கறுப்பினக் குழந்தைக்கோ இடம் இல்லை. 1946-ல் பதக்கம் பெற்ற ஒரு பாட்டுப் புத்தகத்தில் கறுப்பினக் குழந்தைகளைக் கேலிச்சித்திரமாகக் காட்டிய பக்கங்களும் இருந்தன. அவற்றை நீக்கிப் பதிப்பிக்க 1960-கள் வரை ஆயிற்று.

எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், போலந்திலிருந்து குடியேறிய ஏழை யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர். யூதர்மேல் இருந்த வெறுப்பின் காரணமாகக் காட்ஸ் என்ற தம் குடும்பப் பெயரைக் கீட்ஸ் என்று மாற்றிக்கொள்ள நேர்ந்தவர். 1940-ல் ஒரு வார இதழில் வந்த கறுப்பினச் சிறுவன் ஒருவனின் புகைப்படங்களை வெட்டி எடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் அவற்றைச் சுவரில் மாட்டுவதும் எடுத்து வைப்பதுமாக இருந்தார். பிறர் எழுதிய நூல்கள் பலவற்றுக்கு அவர் படம் வரைந்தார். அவை ஒன்றிலும் அத்தகைய சிறுவன் கதைத்தலைவனாக வரவில்லை. ஆகவே 1962-ல் தாமே கதையும் எழுதிப் படமும் செய்தார். வண்ணத் தாள்களையும் துணித் துண்டுகளையும் வெட்டி ஒட்டினார். அழிப்பானில் அச்சுச் செதுக்கிப் பனித்துகள்களைப் பதித்தார். பல் துலக்கும் தூரிகையால் மையைத் தெளித்தார். பனி கொட்டிய ஒரு நாளில் பீட்டர் என்னும் சிறுவன் சிவப்பு அங்கி அணிந்து விளையாடுகிறான். அவ்வளவே கதை. அவன் நிறத்தைப் பற்றி எழுத்தில் ஒரு சொல்லும் இல்லை. படம் ஒன்றே அதைச் சொல்கிறது. 1963-ல் பதக்கம் அந்நூலுக்குக் கிடைத்தது.

எல்லோரும் மகிழ்ந்தார்கள் என்று சொல்லி மேலே செல்ல இயலவில்லை. 1965-ல் நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் ஒரு கணக்கை வெளியிட்டார். 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களில், கறுப்பினத்தார் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. அஃதாவது நூற்றுக்கு 6.7. கீட்ஸின் நூலையும் அவர் விட்டுவைக்கவில்லை. பீட்டரின் தாயைப் பருத்த உருவமாக, பகட்டான உடையில் காட்டியது பழைய பணிப்பெண் சித்திரத்தின் சாயல் என்று குறை கூறினார். அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு என்றே நான் எண்ணுகிறேன். பீட்டருக்குப் பதக்கம் கிடைத்ததேயன்றி, அவன் இனத்துக் கலைஞர் எவருக்கும் அதுவரை கிடைக்கவில்லை. 1976-ல் லியோ டில்லன், தம் மனைவி டயானுடன் சேர்ந்து ஆப்பிரிக்கக் கதை ஒன்றை வரைந்து பெற்றதே முதலாவது. அமெரிக்கப் பழங்குடியைச் சேர்ந்த ஓவியர் ஒருவர் இப்பதக்கத்தைப் பெற 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிக்கேலா கோட் என்பவர் அவர்.

2020-ஆம் ஆண்டு ஜனவரியில், நியூயார்க் பொது நூலகத்தார் தங்கள் 125 ஆண்டுக் காலத்தில் மிகுதியாக இரவல் சென்ற நூல் எது என்று கணக்கெடுத்து அறிவித்தார்கள். பெருங்காவியமோ புகழ்பெற்ற நாவலோ அன்று. பனி நாளில் சிவப்பு அங்கியோடு புறப்பட்ட பீட்டரின் கதையே அது. 4,85,583 முறை அது வாசகர்களின் கைகளில் வீடு சென்று திரும்பியிருந்தது.