அமரர் ஊர்தியும் ஆம்புலன்சும் ஒன்றாயிருந்த வரலாறு

ஆண்டு விழா மலரில் அமரர் ஊர்தியைப் பற்றி எழுதுவதா என்று அன்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மங்கல நாளில் அச்சொல்லையே விலக்குவது நம்மவர் வழக்கம். ஆயினும் இவ்வரலாறு உயிரோடிருப்போரைப் பற்றியதே. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொடங்கி 1970கள் வரையில், எண்ணற்ற சிற்றூர்களில் நோயாளியை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்ற ஊர்தியும், இறந்தாரை இடுகாட்டுக்கு எடுத்துச் சென்ற ஊர்தியும் ஒன்றாகவே இருந்தன. அதனை அனுப்பியவரும் ஒருவரே. அவர் அவ்வூரின் ஈமச்சடங்கு நிலையத்தார். இது எங்ஙனம் நேர்ந்தது என்பதை அறிய, அவ்வூர்தி கட்டப்பட்ட முறையை முதலில் காணல் வேண்டும்.

குதிரை பூட்டிய அமரர் வண்டிகளைச் செய்துவந்த பட்டறைகள் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பெயர் பெற்றிருந்தன. சேயர்ஸ் அண்டு ஸ்கோவில் என்னும் நிறுவனம் அங்கு 1876இல் தோன்றியது. அதே நகரத்துக் கிரேன் அண்டு பிரீட் நிறுவனம் 1909இல் மோட்டார் பொருத்திய அமரர் ஊர்தியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதன் கூரைமேல் பண்டை ரோமானியப் பெருமகன் ஸ்கிப்பியோவின் கல்லறையைப் போன்றதோர் உருவம் அமர்ந்திருந்ததாம். மாண்டாரைச் சுமக்கும் வண்டிக்கும் மகுடம் வேண்டும் என்று கருதினர் போலும்! நோயாளிக்கான மோட்டார் ஊர்தி அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1899இல், சிகாகோ நகரத்து மைக்கேல் ரீஸ் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. அது மின்கல விசையால் ஓடியது.

நம் கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டும் தொழிலை அறிந்தவர்க்கு இனி வருவது எளிதில் விளங்கும். ஆலையிலிருந்து இயந்திரமும் சக்கரமும் பூட்டிய வெறும் அடிச்சட்டம், தொழிலாளர் சேஸிஸ் என்று வழங்குவது, பட்டறைக்கு வரும். மேற்கூட்டைப் பட்டறையார் கட்டுவர். அமெரிக்காவிலும் அவ்வாறே. காடிலாக் நிறுவனம் இத்தொழிலுக்கெனவே தனியடிச்சட்டம் ஒன்றை வார்த்துக் கொடுத்தது. முன்முகமும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியும் அதில் இருக்கும், பின்புறம் வெறுமையாயிருக்கும். 1959ஆம் ஆண்டின் சாதாரணக் காடிலாக் காருக்கு முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைப்பட்ட நீளம் 130 அங்குலம். இத்தனியடிச்சட்டத்துக்கோ 156 அங்குலம். கூடிய பாரத்தைத் தாங்கும் வில்களும் டயர்களும் அதற்கு வேண்டியிருந்தன. சட்டத்தின் பிற்பகுதியைத் தாழ்த்தி அமைத்தமையால் தளம் நிலத்துக்கு அண்மையில் நின்றது. சவப்பெட்டியை ஏற்றுவோர் அதனைத் தோளுயரம் தூக்க வேண்டுவதில்லை.

இச்சட்டத்தின்மேல் கூடு கட்டிய பட்டறைகள் பெரும்பாலும் ஓஹையோவின் நடுத்தர ஊர்களில் இருந்தன. பிக்வாவில் மீட்டியர், பெல்ஃபோன்டைனில் மில்லர், லைமாவில் சுப்பீரியர் என்பன அவற்றுட் சில. மில்லரும் மீட்டியரும் 1956இல் ஒன்றாயின. லவுடன்வில் ஊரின் ஃபிளெக்சிபிள் நிறுவனம் பியூக் கார்களை எடுத்துக்கொண்டது. இல்லினாய் மாநிலத்து ஹென்னி நிறுவனம் 1954 வரை பாக்கார்டு கார்களின் மேல் கட்டிய ஊர்திகள் அழகுக்குப் பெயர் பெற்றவை. பெருந்தொழிற்சாலைகளில் கார்கள் வரிசையாய்ப் பிறந்துகொண்டிருந்த அந்நாளில், இப்பட்டறைகளில் மட்டும் தகட்டை வளைப்பதும், ஒட்டுவதும், கதவை நீட்டுவதும் பெரும்பாலும் கைவேலையாகவே நடந்தன.

உள்ளமைப்புத்தான் வியப்புக்குரியது. சவப்பெட்டி வழுக்கிச் செல்லத் தளத்தில் உருளைகளும், அது நகராதிருக்க முளைகளும் உண்டு. பின்கதவு வழியாக மட்டுமன்றிப் பக்கக் கதவுகள் வழியாகவும் பெட்டியை வெளியே இழுக்கும் நகர்மேடை சில ஊர்திகளில் இருந்தது. பெட்டி சுமப்போர் தெருச்சேற்றில் நில்லாமல் நடைபாதையில் நின்றே வாங்கிக்கொள்ளலாம். 1930களில் திரைச்சீலை மடிந்து தொங்குவதுபோலப் பக்கப் பலகைகளைச் செதுக்கினர். பின்னாளில் பக்கங்களில் வளைந்த உலோகக் கம்பிகள் ஒளிர்ந்தன. பழங்குதிரை வண்டியில் மடிப்புக் கூரையைத் தாங்கிய கம்பியின் நினைவாக நின்றதன்றி, அவற்றுக்கு வேறு வேலை எதுவும் இல்லை.

இரண்டு பணிக்கும் ஒன்றாய் அமைந்த கலப்பு ஊர்தியோ இன்னும் நுட்பமானது. உருளைகளைத் தலைகீழாய்ப் புரட்டினால் தளம் மட்டமாகும். அதன்மேல் நோயாளிக் கட்டில் நிற்கும். பக்கத்தில் மடங்கிக் கிடந்த இருக்கையை நிமிர்த்தினால் உதவியாளர் அமரலாம். கூரைமேல் சிவப்பு விளக்கைப் பொருத்தி, சாளரப் பலகையை மாற்றினால் போதும். காலையில் இடுகாடு சென்ற வண்டி மாலையில் மருத்துவமனைக்கு ஓடும்.

இதனைப் பேராசை என்று இகழ்வது முறையாகாது. சிற்றூரில் ஒரு மனிதனைப் படுக்கவைத்து ஏற்றிச் செல்லத்தக்க வண்டி வேறெவரிடமும் இல்லை. இரவெல்லாம் தொலைபேசி அருகில் ஆள் இருந்த இடமும் ஈமச்சடங்கு நிலையமே. ஆம்புலன்சால் அவர்க்குப் பெரும்பாலும் நட்டமே வந்தது; ஊராரின் நல்லெண்ணமே ஊதியம். குறை வேறிடத்தில் இருந்தது. தாழ்ந்த கூரையின்கீழ்க் குனிந்து ஒருவருக்கு மூச்சளிப்பது அரிது. மூச்சளிக்கக் கற்றவர் உள்ளே இருந்ததும் அரிதே. படுத்திருப்பவர் குலுங்காமல் செல்ல வேண்டுவன எல்லாம் அவ்வூர்தியில் இருந்தன. பிழைப்பதற்கு வேண்டுவன இல்லை.

1963 நவம்பரில் டல்லஸ் நகரில் நிகழ்ந்தவை இதற்குச் சான்று. 22ஆம் நாள் சுடப்பட்ட காவலர் டிப்பிட்டையும், 24ஆம் நாள் சுடப்பட்ட ஆஸ்வால்டையும் மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றவை ஈமச்சடங்கு நிலையங்களின் ஆம்புலன்சுகளே. அதிபர் கென்னடியின் உடல் காடிலாக் அமரர் ஊர்தியில் விமான நிலையம் சென்றது. தலைநகரை அடைந்ததும், பெதஸ்டா மருத்துவமனைக்கு அதனை ஏற்றிச் சென்றது கடற்படையின் ஆம்புலன்ஸ்.

மூன்றாண்டு கழித்து, 1966இல், அந்நாட்டுத் தேசிய அறிவியற் கழகம் வெளியிட்ட அறிக்கை இவ்வழக்கத்தைப் பொதுமன்றத்தில் நிறுத்தியது. 1965இல் மட்டும் விபத்துகளால் 107,000 பேர் மாண்டனர் என்றும், ஆம்புலன்ஸ் பணியில் ஏறத்தாழப் பாதியை 12,000 ஈமத்தொழிலரே நடத்துகின்றனர் என்றும் அது கூறியது. படுக்கை கிடத்தத்தக்க வண்டி அவர்களிடம் இருந்ததே அதற்குக் காரணம் என்றும் சுட்டியது. அடுத்த ஆண்டில் பிட்ஸ்பர்க் நகரில் ஃபிரீடம் ஹவுஸ் என்னும் அமைப்பு, வேலையற்றிருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, மருத்துவர் பீட்டர் சாஃபரின் வழிகாட்டலில் பயிற்றி, வண்டிக்குள்ளேயே சிகிச்சை தொடங்க வைத்தது. நின்று வேலை செய்ய இடம் வேண்டும் என்பது அப்போது கண்கூடாயிற்று.

1973இல் அவசர மருத்துவச் சேவைக்குச் சட்டம் வந்தது. 1974இல் கூட்டரசு வகுத்த ஆம்புலன்ஸ் இலக்கணம் லாரியடிச்சட்டத்தையும் வேனையும் ஏற்றதேயன்றி, காரை ஏற்கவில்லை. 1977இல் காடிலாக் நிறுவனமும் தன் பெருங்கார்களைச் சுருக்கிவிட்டது. அப்பத்தாண்டின் இறுதிக்குள் கார்மேல் கட்டிய ஆம்புலன்ஸ் மறைந்தது. பட்டறைகள் அமரர் ஊர்தியோடு நின்றன, சில மூடப்பட்டன.

எஞ்சிய பழைய ஊர்திகளைப் போற்றிக் காக்கும் ஆர்வலர் 1976இல் ஒரு கழகம் அமைத்தனர். அவ்வூர்திகளுள் உலகறிந்தது ஒன்றுண்டு. ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ என்னும் 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் பேய் பிடிப்போர் ஏறிவரும் வெள்ளை வண்டியை நம் குழந்தைகளும் பார்த்திருப்பர். அது 1959ஆம் ஆண்டுக் காடிலாக் சட்டத்தின்மேல் மில்லர்-மீட்டியர் பட்டறை கட்டிய கலப்பு ஊர்தி.